யாரிடம் ஒளிக்கிறான்? – தொலைக்காட்சி நாடகங்களின் இருதாரக்காரர்களும் எமது விவாகச் சட்டமும்

தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி இப்படியோர் ஆய்விதழில் எழுதலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. வகுப்பில் சிலப்பதிகாரமும் சீறாப்புராணமும் படிப்பிக்கிற ஒருத்தி ‘பாக்கியலட்சுமி’யைப் பற்றிக் கட்டுரை எழுதினால் ஆக்கள் சிரிப்பார்கள். ஆனாலும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் தெருவில் காப்பியம் வாசிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். இஷாவுக்குப் பிறகு நாடகம் பார்க்கிறவர்களை எண்ண முடியாது. ஒரு புருஷன், அவனுடைய பெண்சாதி, இன்னொருத்தி என்று மூன்று பேர் வருகிற கதையில் எது நியாயம், எது அநியாயம் என்று எமது வீடுகளில் நடக்கிற பேச்சில் பாதி இந்த நாடகங்களை வைத்துத்தான் நடக்கிறது. ஆகவே இவற்றை இலக்கியமாக எடுக்காவிட்டாலும் ஒரு வழக்காகவாவது எடுத்து விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணம் எனக்கு ஆசிரியர் அறையில் வந்தது. இடைவேளைத் தேத்தண்ணியோடு ‘பாக்கியலட்சுமி’யின் கோபியைத் திட்டிக்கொண்டிருந்தோம். தமிழ் ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னா: “உங்கட ஆக்களெண்டா இந்த நாடகம் ரெண்டு கிழமையில முடிஞ்சிருக்கும். உங்களுக்குத்தான் சட்டத்திலயே இடமிருக்கே.” எங்கள் ஆசிரியை ஒருத்தி விட்டுக்கொடுக்கவில்லை. “ஓம், நாலு வரைக்கும் ஹலால்தான். உங்கட ஆக்களைப் போல ஒளிச்சு வைச்சிருக்கத் தேவையில்ல.” எல்லாரும் சிரித்தோம். மூலையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த, ஓய்வுபெறக் கிட்டடியில் நிற்கிற ராத்தா ஒருவர் மட்டும் தலையை நிமிர்த்தாமல் கேட்டா: “ஒளிக்கத் தேவையில்ல எண்டா, எங்கட ஆக்கள் ஏன் ஒளிக்கிறாங்க?”

அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற முயற்சி. அதற்காக மூன்று நாடகங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன்: இந்த மனிதன் யாரிடம் ஒளிக்கிறான்?

மனைவியிடம் ஒளிப்பவன்

முதலாவது ‘கோலங்கள்’. திருச்செல்வம் இயக்கத்தில் 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் ஓடியது. 1,500 அத்தியாயங்களைத் தாண்டியது. அந்தக் காலத்தில் நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து எங்கள் வீட்டுப் பாயில் இருந்து பார்ப்பார்கள். தேவயானி நடித்த அபி ஒரு பக்கம், ஆதி மறுபக்கம். இரண்டு பேருக்கும் தாய்மார் வேறு; தகப்பன் ஒருவர்தான், ஈஸ்வரமூர்த்தி. அத்தனை வருஷம் நாடகத்தை இழுத்துக்கொண்டு போன பகைக்கு வேர், அந்த ஒரு மனிதன் இரண்டு குடும்பம் வைத்திருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் திட்டு வாங்கியது முழுக்க ஆதிதான். தகப்பனுக்காக உச்சுக்கொட்டினோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குற்றத்தைச் செய்தவன் கூண்டைவிட்டு இறங்கிப்போக, அவனுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் கூண்டில் ஏறி ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தியச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? அன்றைய மதராஸ் மாகாணம் 1949 இலேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1955 இந்துத் திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. முதல் மனைவி உயிரோடிருக்க, விவாகரத்தில்லாமல் கட்டுகிற இரண்டாம் தாலி சட்டத்தின் முன் வெறும் கயிறு. நாடகத்தில் மணமேடைக்குப் பொலிஸ் வந்து மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகும். நடைமுறை அவ்வளவு இலேசல்ல. இக்குற்றத்துக்கு நீதிமன்றத்துக்குப் போகவேண்டியவள் பாதிக்கப்பட்ட மனைவி, அல்லது அவளுக்காக அவளது நெருங்கிய உறவினர். இரண்டாவது கலியாணம் உரிய சடங்குகளோடு நடந்தது என்பதையும் அவள் எண்பிக்க வேண்டும். 1965 இல் பாவுராவ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. சடங்கைக் குறைத்துச் செய்தவன் தப்பிவிடலாம். சரி, அந்த இரண்டாவது பெண்ணின் நிலை என்ன? மணம் செல்லாதது என்றபடியால் அவள் மனைவி என்று தாபரிப்புக் கேட்க முடியாது என்று 1988 இல் யமுனாபாய் வழக்கில் தீர்ப்பானது. பிள்ளைகளைச் சட்டம் ஓரளவு காப்பாற்றுகிறது, தாயைக் காப்பாற்றவில்லை. ‘சின்ன வீடு’ என்று தமிழில் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் ஒரு படமே வந்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அந்த வீட்டுக்குப் பெயரில்லை.

இரண்டாவது சாட்சி ‘பாக்கியலட்சுமி’. 2020 இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. கோபி இருதாரக்காரன் அல்ல, அவன் விவாகரத்து எடுத்துவிட்டுத்தானே ராதிகாவைக் கட்டினான் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த விவாகரத்துக்கு அவன் அடியெடுத்த விதத்தைப் பாருங்கள். பாக்கியாவிடம் விஷயத்தைச் சொல்லாமல், அவளுக்கு விளங்காத தாளில் கையெழுத்து வாங்குகிறான். புருஷன் நீட்டிய தாளை வாசிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அவளுடைய குற்றம் அதுவொன்றுதான்.

பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து என்பது இரண்டு பேரும் மனம் ஒத்துக் கேட்பது. முதல் மனுவுக்கும் இரண்டாவது கோரிக்கைக்கும் இடையில் ஆறு மாதம் இடைவெளி வைத்திருப்பது அந்த மனத்தைச் சோதிப்பதற்குத்தான். தீர்ப்பு வரும்வரை ஒருவர் தன் சம்மதத்தைத் திரும்ப எடுக்கலாம் என்று 1991 இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. ஆகவே கோபி செய்யப் பார்த்தது சட்டத்தை மீறுவதல்ல, சட்டத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுவது. என் கண்ணுக்கு ஈஸ்வரமூர்த்தியைவிடக் கோபிதான் ஆபத்தான ஆள். அவனிடம் கேட்டால் தாளைக் காட்டுவான், “எல்லாம் சட்டப்படிதான்” என்பான். இந்த வசனம் எமக்கும் பழக்கமான வசனம் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசிடம் ஒளிப்பவன்

மூன்றாவது சாட்சி கடல் கடந்தது. கனடாவில் இருக்கிற என் மச்சாள் ஒருத்தி சொல்லித்தான் ‘பிக் லவ்’ என்ற அமெரிக்க நாடகத்தைப் பார்த்தேன். 2006 முதல் 2011 வரை எச்.பி.ஓ. அலைவரிசையில் ஐந்து பருவங்களாக வந்தது. குடும்பத்தோடு இருந்து பார்க்கக்கூடியதல்ல என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆனால் பலதார மணத்தையே முழுக் கதையாக எடுத்துக்கொண்ட ஒரு நாடகத்தை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது.

கதை யூட்டா மாநிலத்தில் நடக்கிறது. அங்கே மோர்மன் சபையினர் ஒருகாலத்தில் பலதார மணத்தை மார்க்கக் கடமையாகவே கருதினார்கள். மதத்தின் பெயரால் அதைச் செய்ய உரிமையில்லை என்று 1879 இல் ரெனால்ட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1890 இல் சபையே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பிரிந்துபோன சில குழுக்கள் மட்டும் விடவில்லை. அந்த வழியில் வந்தவன்தான் கதாநாயகன் பில். வன்பொருள் கடைகளின் முதலாளி. பார்ப், நிக்கி, மார்ஜீன் என்று மூன்று மனைவியர். பக்கத்துப் பக்கத்தில் மூன்று வீடு, பின்வளவு ஒன்று. எந்த இரவு எந்த வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு மனைவி ஒருத்திதான், பார்ப். மற்ற இருவரும் அயலாருக்குச் சும்மா அயல்வீட்டுப் பெண்கள்.

எங்கள் நாடகங்களில் மனைவிக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரிந்திருக்கும். இங்கே மனைவியர் மூவருக்கும் எல்லாம் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது. எனவே பில் நேர்மையானவனா? நாடகம் அவனை இலேசில் விடவில்லை. நான்காவதாக ஒருத்தியோடு அவன் முதலில் ஒளித்துத்தான் பழகுகிறான். ஒளிக்கத் தேவையில்லாத வீட்டிலும் ஒளிக்கிற புத்தி போகவில்லை. முதல் மனைவி பார்ப் சம்மதித்தது எப்போது? புற்றுநோயில் படுத்து எழுந்து, இனிப் பிள்ளை பெற முடியாது என்றான பிறகு. அந்தச் சம்மதத்துக்குள் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று அவளே ஐந்து பருவமும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்றாமவள் மார்ஜீன் கலியாணத்தின்போது பதினாறு வயதுப் பிள்ளை என்பது கடைசிப் பருவத்தில் வெளிவருகிறது. நிக்கியின் மகளைச் சட்டப்படி தத்தெடுப்பதற்காகப் பார்ப்பை விவாகரத்துச் செய்து நிக்கியைப் பதிவுத் திருமணம் செய்கிறான் பில். “தாளில் மட்டும்தானே, எங்களுக்குள் ஒன்றும் மாறவில்லையே” என்பது அவனுடைய நியாயம். இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தாளை வைத்திருந்தவளுக்கு அது வெறும் தாள் அல்ல என்பது அவனுக்கு விளங்கவில்லை. கோபி ஒரு தாளில் கையெழுத்தைத் திருடினான். பில் கேட்டுத்தான் வாங்கினான். ஆனால் மறுக்க முடியாதபடி கேட்டான்.

2020 இல் யூட்டா தன் சட்டத்தை மாற்றியது. வளர்ந்தவர்கள் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அது இனிப் பாரிய குற்றமல்ல, தண்டப்பணத்தோடு போகக்கூடிய சிறு மீறல். ஆனால் ஏமாற்றியோ அச்சுறுத்தியோ ஒருத்தியைக் கொண்டுவந்தால் அது பாரிய குற்றமாகவே இருக்கிறது. அந்தச் சட்டமன்றம் எத்தனை மனைவி என்று எண்ணுவதை ஓரளவு விட்டுவிட்டு, அவள் அறிந்தாளா, சுயமாகச் சம்மதித்தாளா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது.

வாயில் மறுத்தல்

இங்கே என்னுடைய பாடத்துக்குக் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. பழந்தமிழ் அகமரபில் மருதத்திணைக்கு உரிப்பொருள் ஊடல். தலைவன் பரத்தையிடம் போய்த் திரும்பி வருகிறான். நேரே வீட்டுக்குள் நுழைய அவனுக்கு முகமில்லை. தோழி, பாணன், விறலி, விருந்தினர் என்று யாரையாவது முன்னே அனுப்புகிறான். இவர்களைத்தான் தொல்காப்பியம் ‘வாயில்கள்’ என்கிறது. தலைவி அவர்களுக்கு இணங்கினால் வாயில் நேர்தல்; மாட்டேன் என்றால் வாயில் மறுத்தல். இந்த ‘வாயில் மறுத்தல்’ என்ற துறையை நான் மாணவிகளுக்கு விரும்பிப் படிப்பிப்பேன். அந்த மரபு ஆணுக்கு நிறைய இடம் கொடுத்த மரபுதான், அதை நான் புனிதமாக்க வரவில்லை. ஆனாலும் கதவு அவளுடையது. அவள் வாய் திறந்து ஒன்று சொல்லாமல் அந்தக் கதை அடுத்த அடி வைக்காது. சிலப்பதிகாரத்தில்கூடக் கண்ணகி முழுக்க ஊமையல்ல. மதுரையில் மாதரி கொடுத்த வீட்டில், கோவலன் கடைசியாகச் சாப்பிட்டு எழுந்த பிறகு, நீங்கள் நடந்த முறை போற்றக்கூடியதல்ல என்ற கருத்தை அவள் ஒரேயொரு தடவை சொல்லிவிடுகிறாள். காப்பியம் முழுவதிலும் எனக்குப் பிடித்த இடங்களில் அது ஒன்று.

எமது தொலைக்காட்சி நாடகங்கள் மருதத்தின் தலைவனை எடுத்துக்கொண்டன, பரத்தையை எடுத்துக்கொண்டன. கதவை எடுத்துக்கொள்ளவில்லை. மனைவிக்கு அழ இடமுண்டு, சபதம் போட இடமுண்டு, தொழில் தொடங்கி முன்னேறவும் இடமுண்டு. காரியம் நடப்பதற்கு முன் “நான் என்ன சொல்கிறேன் என்று கேள்” என்று நிற்க இடமில்லை. அவளுக்கு விஷயம் தெரியவருவது எப்போதும் முடிந்த பிறகு.

எமது வீடு

இவ்வளவும் மற்றவர்களுடைய வீடு. இனி எமது வீட்டுக்கு வருவோம்.

இலங்கையில் பொது விவாகச் சட்டத்தின் கீழ் மணந்தவர்கள், முதல் மணம் நிலைத்திருக்க இன்னொருவரை மணந்தால் அது செல்லாது. தண்டனைச் சட்டக் கோவையின்படி ஏழு ஆண்டு வரை சிறைக்கும் ஆளாகலாம். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதன் 24ஆம் பிரிவு இப்படிப் போகிறது: ஏற்கெனவே மனைவியுள்ள ஒருவர் இன்னொரு நிக்காஹ் செய்ய எண்ணினால், குறைந்தது 30 நாளைக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தன் பிரதேசக் காதியாருக்கு மட்டுமல்ல, இருக்கிற மனைவி வசிக்கும் பிரதேசத்துக் காதியாருக்கும், புதிதாக மணக்க இருக்கும் பெண்ணின் பிரதேசத்துக் காதியாருக்கும் கொடுக்க வேண்டும். அது ஜும்ஆப் பள்ளிவாசலில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஒளிக்கக் கூடாது என்பதுதான் இப்பிரிவின் நோக்கம். இதை எழுதியவர்களுக்கு ஒரு நல்லெண்ணம் இருந்திருக்கிறது.

ஆனால் அறிவித்தலோடு அது நின்றுவிடுகிறது. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று இல்லை. அவளுடைய சம்மதம் வேண்டும் என்று இல்லை. இரண்டு குடும்பத்தைத் தாபரிக்க அவனுக்கு வசதியிருக்கிறதா என்று காதியார் விசாரிக்க வேண்டும் என்றும் இல்லை. பள்ளிவாசல் அறிவித்தல் பலகையை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். யாருக்குத் தெரியவேண்டுமோ அவள் ஜும்ஆவுக்கு வராதவளாக இருக்கலாம். இன்னொன்று, 16ஆம் பிரிவு. பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால், மார்க்கப்படி சரியான ஒரு நிக்காஹ் செல்லாததாகிவிடாது. வலி, சாட்சி, மஹர், ஈஜாப் கபூல் இருந்தால் போதும். அறிவித்தல் கொடுக்காமல், பதியாமல், தூரத்து ஊரொன்றில் முடித்துவிட்டு வருகிறவருக்கு இது பாதை திறந்துவிடுகிறது. பாக்கியாவின் கையெழுத்தைக் கோபி ஏமாற்றி வாங்கினான் என்று எமது பெண்கள் கொதிக்கிறார்கள். எமது விவாகப் பதிவில் பொதுவாக வலியும் மாப்பிள்ளையும்தான் கையெழுத்து வைக்கிறார்கள். மணமகளின் கையெழுத்தைச் சட்டம் கட்டாயமாகக் கேட்கவேயில்லை. திருடுவதற்குக்கூட இங்கே ஒரு கையெழுத்து இல்லை.

இந்தப் பாதையால் எமது ஆக்கள் மட்டும் போகவில்லை. முதல் மனைவியை விவாகரத்துச் செய்யாமல் இஸ்லாத்துக்கு மாறினோம் என்று சொல்லி இரண்டாவது மணம் முடித்த பிற மதத்து ஆண்களின் கதை எமது நீதிமன்ற வரலாற்றில் இருக்கிறது. 1965 இல் ரீட் வழக்கில் பிரிவி கவுன்சில் அதைக் குற்றமல்ல என்றது. 1998ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இடம்பெற்ற அபேசுந்தர வழக்கில் எமது உயர் நீதிமன்றம் அதை மாற்றி, மதம் மாறியதால் முதல் மணத்தின் கடமை போய்விடாது, அது இருதாரக் குற்றமே என்றது. இந்தியாவில் 1995 இல் சரளா முத்கல் வழக்கிலும் இதே தீர்ப்புத்தான். கலிமாச் சொல்வதைப் பின்கதவின் திறப்பாக ஆக்கியவர்களை நீதிமன்றம் தடுத்தது. முஸ்லிம்கள் என்ற முறையில் நாம் சந்தோஷப்பட வேண்டிய தீர்ப்பு இது. ஆனால் எமது முன்கதவின் பூட்டை நாம் எப்போது பார்க்கப்போகிறோம்?

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றியபோது எனக்கு எட்டு வயது. இரண்டு மணித்தியாலத்தில் சோனகத் தெரு காலியானது. புத்தளத்தில் வளர்ந்தோம், அங்கேயே பலர் வேரூன்றினோம். 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது எல்லாக் குடும்பமும் முழுசாக வரவில்லை. பிள்ளைகளின் படிப்பு அங்கே, வாப்பாவின் வியாபாரம் இங்கே. மாதத்தில் இரண்டு தடவை பஸ்ஸில் போய் வருகிற தகப்பன்மாரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலானோர் உழைத்துக் களைத்த நல்ல மனிதர்கள். ஆனால் ஒரு மனிதனுக்கு இரண்டு ஊர் இருந்தால் ஒளிக்க இடமும் இருக்கிறது. 24ஆம் பிரிவு மனைவி வசிக்கும் பிரதேசத்துக்கும் அறிவித்தல் கேட்பது எவ்வளவு தூரநோக்கு என்பது எங்களைப் போன்ற இரண்டு ஊர்க்காரருக்குத்தான் விளங்கும்.

என் உம்மாவின் சிநேகிதி ஒருவர் புத்தளத்தில் இருந்தா. புருஷன் யாழ்ப்பாணத்தில் தொழில். ஒருநாள் இங்கிருந்து போன வானில் வந்த தெரிந்த பையன் ஒருவன் இறைச்சிப் பார்சல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். “அகீகா இறைச்சி, தந்துவிட்டவங்க” என்றான். யாருடைய பிள்ளைக்கு என்று அவ கேட்டா. அவனுக்கு முகம் கறுத்துவிட்டது, சொல்லத் தெரியவில்லை. அப்படித்தான் அவவுக்குத் தெரியவந்தது. அந்த நிக்காஹில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். வலி இருந்தார், சாட்சிகள் இருந்தார்கள், மஹர் கொடுக்கப்பட்டது. “எல்லாரும் இருந்திருக்காங்க, நான் மட்டும்தான் இல்ல” என்று அவ உம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவவுக்கு வழியில்லாமல் இல்லை. தாபரிப்புக் கேட்கலாம், பஸ்ஹ் வழக்குப் போடலாம். எல்லாம் முடிந்த பிறகு செய்யக்கூடியவை. அவ ஒன்றும் செய்யவில்லை. அந்த இறைச்சியை அயலுக்குக் கொடுத்துவிட்டா.

செல்லுபடியும் நீதியும்

பலதார மணம் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை, மறுக்க எனக்குத் தகுதியும் இல்லை. முதல் மனைவியின் சம்மதம் இல்லாவிட்டால் நிக்காஹ் செல்லாது என்றும் நான் சொல்லவில்லை. ஃபிக்ஹ் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நிக்காஹ் ஸஹீஹ் ஆவது ஒரு விஷயம், அதில் அத்ல் என்ற நீதி இருப்பது இன்னொரு விஷயம். ஆசிரியர் அறையில் நாங்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூடிவிட்டோம். கோபியும் அதைத்தான் செய்தான்.

சூரா அந்நிஸாவின் 3ஆம் வசனம் அநாதைகளின் உரிமை பற்றிய பேச்சுக்கு நடுவில் வருகிறது. நீதி செய்ய முடியாது என்று பயந்தால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. அதே சூராவின் 129ஆம் வசனம், எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே முழு நீதி செய்ய மனிதனால் முடியாது என்பதைச் சொல்லி, ஒருத்தியை அந்தரத்தில் தொங்கவிடுவதைத் தடுக்கிறது. இரண்டு மனைவியரில் ஒருத்தியின் பக்கம் சாய்ந்தவன் மறுமையில் ஒரு பக்கம் சாய்ந்தவனாக வருவான் என்ற கருத்தில் ஹதீஸும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கதீஜா (ரழி) அவர்களோடு வாழ்ந்த ஏறக்குறைய 25 ஆண்டுகளும் வேறு மணம் செய்யவில்லை. ஒளித்துவைத்து நீதி செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி. நீதி என்றால் முறை வைத்துத் தங்க வேண்டும். ஒருத்திக்குத் தெரியாத வீட்டில் எப்படி முறை வைப்பது? இரவில் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு ஒரு பொய், பெருநாள் உடுப்புக்கு ஒரு பொய், மையத்து வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு பொய். அனுமதிக்கப்பட்ட ஒரு காரியத்தைக் காப்பாற்ற அனுமதிக்கப்படாத எத்தனை காரியம்!

மற்ற முஸ்லிம் நாடுகள் இதை யோசிக்காமல் இல்லை. பாகிஸ்தான் 1961 இலேயே, இன்னொரு மணம் செய்ய விரும்புகிறவர் நடுவர் சபையில் அனுமதி பெற வேண்டும், இருக்கிற மனைவியின் சம்மதம் பெறப்பட்டதா என்பதை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும் என்று விதித்தது. இந்தோனேசியா 1974 இல் நீதிமன்ற அனுமதியைக் கட்டாயமாக்கியது. மொரோக்கோவின் 2004 குடும்பச் சட்டத்தில் நீதிபதி முதல் மனைவியை அழைத்துக் கேட்க வேண்டும். துனீசியா 1956 இல் முற்றாகவே தடைசெய்தது. இவற்றில் எது எமக்குப் பொருந்தும் என்பது உலமாக்களும் சட்டத்தரணிகளும் பெண்களும் ஒன்றாக இருந்து பேசவேண்டிய விஷயம். முதல் மூன்று நாடுகளும் ஆணின் அனுமதியைப் பறிக்கவில்லை. வாயில் மறுக்கக்கூடிய ஒரு கதவை மனைவிக்குத் திருப்பிக் கொடுத்தன.

எமது நாட்டில் இந்தப் பேச்சு எப்படிப் போனது என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1980களிலிருந்து முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கேட்டுவந்தன. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2018 ஜனவரியில்தான் அறிக்கை வந்தது, அதுவும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்த நிலையில். அதன்பின் 2019 ஏப்ரல். ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்ற கோஷம் எழுந்தபோது, எம்மை வெறுக்கிறவர்களும் எமது விவாகச் சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் எமது பெண்கள் இத்தனை காலம் கேட்டது அமுங்கிப்போனது. ‘இப்போது இதைப் பேசினால் அவர்களுக்கு வாய்ப்பாகிவிடும்’ என்று சொல்பவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. 1990 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போன ஊர்க்காரிக்கு, இருப்பதையும் பறித்துவிடுவார்களோ என்ற பயம் விளங்காமல் இருக்குமா? ஆனால் நாம் திருத்தாமல் விட்ட இடத்தைத்தான் மற்றவன் வந்து இடிக்கிறான்.

பாராளுமன்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இரண்டு காரியத்தை நான் பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் வைக்கிறேன். முதலாவது, 24ஆம் பிரிவு அறிவித்தல் பள்ளிக்கு வந்தால், பலகையில் ஒட்டுவதோடு நிற்காமல் அந்த மனைவியின் வீட்டுக்கு இரண்டு மூத்த பெண்களை அனுப்பி, அவவுக்குத் தெரியுமா, என்ன சொல்கிறா என்று கேட்டு எழுதிவைப்பது. இரண்டாவது, ஒவ்வொரு நிக்காஹிலும் மணமகளிடமும், தனித்தாளிலாவது, அவள் வாசித்து விளங்கிய பிறகு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வது. எனக்குத் தெரிந்தவரை இரண்டையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, எந்த மத்ஹபும் தடுக்கவில்லை.

‘கோலங்கள்’ மனைவியிடம் ஒளித்தவனைக் காட்டியது. ‘பிக் லவ்’ அரசிடம் ஒளித்தவனைக் காட்டியது. எமது ஆண்களுக்கு அரசிடம் ஒளிக்கத் தேவையில்லை, ஊரிடமும் தேவையில்லை. மிஞ்சியிருப்பவள் ஒருத்திதான். அவளிடம் ஒளிப்பதன் காரணம், சொன்னால் அவள் ஒரு கேள்வி கேட்பாள், அந்தக் கேள்விக்குத் தன்னிடம் நியாயமான பதில் இல்லை என்று அவனுக்கே தெரியும் என்பதுதான். ராத்தாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது.

கட்டுரையை எழுதி முடித்து முதலில் அந்த ராத்தாவிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தா. இரண்டு எழுத்துப்பிழையைச் சிவப்பில் திருத்தினா. பிறகு கேட்டா: “நல்லா இருக்கு. ஆனா இத ஆம்பிளையள் வாசிப்பாங்களா?” இதழ் வந்ததும் ஒரு பிரதியை எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதாக அவவுக்குச் சொல்லியிருக்கிறேன்.